இரண்டாவது தோட்டா ஏன் வரவில்லை?

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிறது, அலாஸ்கா. பனியும் காடும் ஆறும் நிறைந்த பூமி. அங்கே ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறவர் தோளில் தூண்டிலோடு துப்பாக்கியும் தொங்குவது உண்டு.

மீனுக்கு எதற்குத் துப்பாக்கி? மீனுக்கு அல்ல, கரடிக்கு!

அலாஸ்காவின் பழுப்புக் கரடி லேசுப்பட்டது அல்ல. நன்றாக வளர்ந்த ஆண் கரடி 500 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். அத்தனை உடம்பை வைத்துக்கொண்டு மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும். 30 மீட்டர் தள்ளி ஒரு புதரிலிருந்து அது பாய்ந்து வந்தால், ஆளின்மேல் விழ இரண்டு விநாடிதான் ஆகும்.

அந்த இரண்டு விநாடிக்குள் சுட வேண்டும். முதல் குண்டு தவறினால், இரண்டாவது குண்டு உடனே பாய வேண்டும்.

அது பாயவில்லை என்றால்?

அங்கே பலர் நம்பி எடுத்துப் போவது "லீவர் துப்பாக்கி". கவ்பாய் படங்களில் குதிரை வீரர்கள் விசைக்குக் கீழே தொங்கும் வளையத்தைக் "கடக், கடக்" என்று ஆட்டி ஆட்டிச் சுடுவார்களே, அதே துப்பாக்கிதான். அந்த வளையத்துக்குத்தான் லீவர் என்று பெயர்.

அது பிறந்து 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் கடைகளில் புதிதாக விற்கிறது. பிறந்த அன்று பிடித்த ஒரு நோயும் அதை இன்னும் விட்டபாடில்லை. தோட்டா உள்ளே சிக்கிக்கொள்வதுதான் அந்த நோய்.

சிக்கிய துப்பாக்கியைச் சிலர் அதிர்ஷ்டம் கெட்டது என்று திட்டுவார்கள். அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையே இல்லை. எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்று பார்த்தால், எதனால் சிக்கியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சினிமாவில் சிக்குவதில்லை!

1939-ல் வெளிவந்த "ஸ்டேஜ்கோச்" என்ற படத்தில் ஜான் வேய்ன் கதாநாயகன். லீவர் துப்பாக்கியை ஒரே கையால் சுழற்றுவார். சுழன்று வரும்போதே அடுத்த தோட்டா ஏறிவிடும். அதைப் பார்த்த ரசிகர்கள் சொக்கிப்போனார்கள்.

அந்தப் படத்தின் கதை 1880-ல் நடக்கிறது. அவர் கையில் இருந்ததோ 1892-ம் ஆண்டு மாடல்! சினிமாக்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சினிமாவில் சிக்கினால் மறுபடியும் படம் எடுத்துக்கொள்ளலாம். காட்டில் அப்படி முடியாது.

உள்ளே நடப்பது என்ன?

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வாங்க நிற்கும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். குறுகலான ஒரு சந்து. ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு நகர்ந்தால்தான் அடுத்தவர் வரலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் இருவரும் நசுங்கி நிற்பார்கள். பின்னால் இருப்பவர்களும் நகர முடியாது.

லீவர் துப்பாக்கியிலும் இதே சங்கதிதான்.

குண்டு பாயும் நீளமான குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கிறது. இதுதான் தோட்டாக் குழாய். இதற்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மூக்கு முன்னால், அடிப்பாகம் பின்னால். முன்கோடியில் ஒரு நீண்ட ஸ்பிரிங் இருந்து எல்லாவற்றையும் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பின்னால் வரும் தோட்டா ஒரு சிறு இரும்புப் பலகையில் வந்து உட்காரும். மாடிக் கட்டடங்களில் ஆளைத் தூக்கிச் செல்லும் "லிப்ட்" மாதிரி, இந்தப் பலகை தோட்டாவைக் கீழிருந்து மேலே தூக்கும். இதைத் "தூக்கி" என்றே வைத்துக்கொள்ளலாம்.

லீவரைக் கீழே தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் இரும்புத் தண்டு பின்னால் போகும். அதன் நுனியில் உள்ள கொக்கி, சுட்டு முடிந்த வெற்றுக் கூட்டைப் பிடித்து இழுத்து வரும். ஒரு சிறு முனை அதை வெளியே தட்டிவிடும். தூக்கி புதுத் தோட்டாவோடு மேலே எழும்.

லீவரை மேலே இழுத்தால், அதே தண்டு முன்னால் போய்ப் புதுத் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தும். அவ்வளவுதான்.

ஒரு விநாடிக்குள் இத்தனை வேலையும் நடக்க வேண்டும். ஒன்று முந்தினாலும் கோளாறு, பிந்தினாலும் கோளாறு. அதில் பெரிய கோளாறு, வரிசையில் இரண்டு பேர் சேர்ந்து நுழைவது!

சட்டை வியாபாரி

இந்தத் துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்ட பெயர் வின்செஸ்டர். ஆலிவர் வின்செஸ்டர் துப்பாக்கி செய்யத் தெரிந்தவர் அல்ல. சட்டை தைத்து விற்றவர்! கனெக்டிகட் மாநிலத்தில் நியூஹேவன் நகரில் அவருடைய சட்டைத் தொழிற்சாலை இருந்தது.

கையில் பணம் சேர்ந்தது. "வால்கானிக்" என்ற துப்பாக்கிக் கம்பெனியில் போட்டார். ஸ்மித், வெஸ்ஸன் என்ற இருவர் செய்த லீவர் துப்பாக்கியை விற்பதற்காக ஏற்பட்ட கம்பெனி அது. கம்பெனி நொடித்தது. வின்செஸ்டர் மனம் தளரவில்லை. 1857-ல் அதைத் தானே எடுத்துக்கொண்டு, பெயரை மாற்றி நடத்தினார். டைலர் ஹென்றி என்ற மெக்கானிக்கிடம் வேலையை ஒப்படைத்தார்.

1860-ல் ஹென்றி தன் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 16 தோட்டா! மற்றவர்கள் ஒரு குண்டைச் சுட்டுவிட்டு மருந்து கெட்டித்துக்கொண்டிருந்த காலம் அது. மறு வருஷமே அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. "ஞாயிற்றுக்கிழமை தோட்டா போட்டால் வாரம் முழுவதும் சுடுகிறானே!" என்று தெற்குப் படையினர் அதைச் சபித்ததாகச் சொல்வார்கள்.

ஆனால் ஹென்றி துப்பாக்கியில் ஒரு பெரிய குறை இருந்தது. தோட்டாக் குழாயின் அடிப்பக்கம் நெடுக ஒரு பிளவு. தோட்டாக்களைத் தள்ளும் கட்டையின் பித்தளைக் காது அந்தப் பிளவு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தோட்டா போகப் போக, அந்தக் காதும் பின்னால் நகர்ந்து வரும்.

சுடுகிறவன் இடது கையால் துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கிறான் அல்லவா? காது நேரே வந்து அவன் கையில் முட்டும். முட்டினால் நின்றுவிடும். தோட்டா வராது! அவன் கையை எடுத்துக் காதைத் தாண்டி மாற்றிப் பிடிக்க வேண்டும். சண்டை மும்முரத்தில் அதை மறந்தவன் கதி அதோகதிதான்.

போதாக்குறைக்குப் பிளவு வழியாகச் சேறும் மண்ணும் உள்ளே போய் அடைத்தன.

1866-ல் இதற்கு விமோசனம் பிறந்தது. வின்செஸ்டரிடம் வேலை பார்த்த நெல்சன் கிங் என்பவர், துப்பாக்கியின் வலது பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னக் கதவை அமைத்தார். அதன் வழியாகத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் திணிக்கலாம். பிளவு தேவையே இல்லை. குழாயை நன்றாக மூடிவிட்டார்கள். கையைச் சுட்டுவிடாமல் இருக்க முன்னால் மரக்கட்டையும் பொருத்தினார்கள். அந்தச் சின்னக் கதவு இன்றைக்கும் லீவர் துப்பாக்கிகளில் அப்படியே இருக்கிறது.

அந்த மாடலைத் துருக்கி அரசாங்கம் சுமார் 50,000 வாங்கியது. 1877-ல் பல்கேரியாவில் பிளெவ்னா என்ற ஊரை ரஷியப் படை தாக்கியது. உஸ்மான் பாஷாவின் வீரர்கள் தூரத்தில் வேறு துப்பாக்கியால் சுட்டார்கள். எதிரி நெருங்கியதும் வின்செஸ்டரைக் கையில் எடுத்தார்கள். ரஷியர்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். சிக்காமல் ஓடும் லீவர் துப்பாக்கி என்ன செய்யும் என்பதை ஐரோப்பா அன்று பார்த்தது.

தோட்டாவே காவல்காரன்

1873-ல் வந்த மாடல் எல்லாவற்றையும் விடப் புகழ் பெற்றது. அதன் பெயரிலேயே 1950-ல் ஒரு சினிமாப் படமும் வந்தது. கவ்பாய் உடை போட்டுக்கொண்டு குறி பார்த்துச் சுடும் போட்டிகளில் இன்றும் அந்த மாடலுக்குத்தான் மவுசு. இத்தாலியில் உபர்டி கம்பெனி அதை அச்சு மாறாமல் செய்து விற்கிறது.

இந்த மாடலில் ஒரு வேடிக்கை உண்டு. வரிசையில் இரண்டாவது தோட்டா முந்தி வராமல் தடுக்க, தனியாகத் தடுப்பு எதுவும் கிடையாது! முதல் தோட்டாவேதான் தடுப்பு.

தூக்கி ஒரு சின்னப் பெட்டி மாதிரி இருக்கும். ஒரு தோட்டா அதில் வந்து உட்கார்ந்தால், அதன் மூக்கு பெட்டியின் முன்விளிம்போடு சரியாக நிற்கும். அடுத்த தோட்டா அந்த மூக்கில் இடித்துக்கொண்டு குழாய்க்குள்ளேயே நிற்கும். பெட்டி தடையில்லாமல் மேலே போகும்.

முதல் தோட்டா கொஞ்சம் குட்டையாக இருந்தால்? அடுத்த தோட்டாவின் அடிப்பாகம் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும். பாதி உடம்பு குழாயில், கொஞ்சம் பெட்டியில். லிப்டுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றால் லிப்ட் எப்படிக் கிளம்பும்? லீவர் அசையாது.

நெட்டையாக இருந்தால்? அதன் மூக்கு குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அப்போதும் பெட்டி எழும்பாது.

இந்தத் துப்பாக்கிக்காகவே செய்த "44-40" தோட்டாவின் நீளம் 1.592 அங்குலத்துக்கு மிஞ்சக் கூடாது என்பது கணக்கு. அதாவது, சுமார் 40 மில்லி மீட்டர். அதில் ஒரு மில்லி மீட்டர் கூடினாலோ குறைந்தாலோகூட வம்புதான்.

கடையில் வாங்கும் தோட்டாவில் இந்தத் தொல்லை குறைவு. அமெரிக்காவில் பலர் வெற்றுக் கூடுகளை எறிவதில்லை. வீட்டிலேயே மறுபடி மருந்து போட்டு, குண்டைப் பொருத்திச் சிக்கனம் பிடிக்கிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தோட்டாவில் குண்டு ஆழமாக இறங்கும். இன்னொன்றில் மேலே நிற்கும்.

இன்னும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அளந்து பார்த்துப் போட்ட தோட்டாவும் துப்பாக்கிக்குள் போன பிறகு குட்டையாகலாம்! ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். குழாய்க்குள் இருக்கும் தோட்டாக்கள் ஒன்றோடொன்று மோதும். ஸ்பிரிங்கும் அழுத்திக்கொண்டே இருக்கும். கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்காவிட்டால், குண்டு மெல்ல மெல்லக் கூட்டுக்குள் இறங்கிவிடும். முதல் நாலு குண்டு ஒழுங்காகப் பாய்ந்து, ஐந்தாவதில் சிக்கினால், மிஸ்திரி முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

வைத்தியம் எளிது. வெர்னியர் அளவுகோலால் ஒவ்வொரு தோட்டாவையும் அளக்க வேண்டும். கூட்டின் வாயை நன்றாக உள்பக்கம் மடித்து இறுக்க வேண்டும். துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். குற்றவாளி தோட்டா, துப்பாக்கியை அரத்தால் ராவிக் கெடுத்தவர்கள் பலர்.

பிரவுனிங் வந்தார்

யூட்டா மாநிலத்தில் ஆக்டன் என்ற சிற்றூர். அங்கே ஒரு துப்பாக்கி மிஸ்திரியின் மகன் ஜான் பிரவுனிங். வின்செஸ்டர் கம்பெனி அவரைத் தேடிப் போய் அவருடைய யோசனைகளை விலைக்கு வாங்கியது. 1886, 1892, 1894, 1895 என்று வரிசையாக நாலு லீவர் துப்பாக்கிகள் அவர் மூளையில் பிறந்தன.

1892, 1894 மாடல்களில் தோட்டாவை நம்பி உட்காராமல், வரிசையை நிறுத்தி வைக்கத் தனித் தடுப்புகளை வைத்தார் அவர். நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இவை பொறுத்துக்கொள்ளும்.

1894 மாடல் அமோகமாக விற்றது. 10 லட்சமாவது துப்பாக்கியை 1927-ல் ஜனாதிபதி கூலிட்ஜுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். மொத்தம் 70 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட துப்பாக்கிக்கும் 1964-ல் கெட்ட காலம் வந்தது. செலவைக் குறைக்கக் கம்பெனி சில பாகங்களை மாற்றியது. கெட்டி இரும்பில் கடைந்து எடுத்த தூக்கிக்குப் பதிலாகத் தகட்டை அச்சில் அடித்து வளைத்துப் போட்டார்கள். குலுக்கினால் கடகடவென்று ஆடியது. தோட்டா சரியாக ஏறவில்லை என்று புகார்கள் வந்தன. பிறகு கம்பெனி அதைத் திருத்தியது. ஆனாலும் 1964-க்கு முந்தியது என்றால் இன்றும் தனி விலை! சில்லறைக் காசை மிச்சம் பிடிக்கப்போய்ப் பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள்.

இந்த மாடல்கள் சிக்கினால் முதலில் பார்க்க வேண்டியது பக்கவாட்டில் உள்ள சின்னத் திருகாணிகள். வெளியே பார்க்க அழகுக்கு வைத்ததுபோல் இருக்கும். உள்ளே தோட்டாவுக்கு வழிகாட்டும் தகடுகளைப் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான். சுடச் சுட அதிர்ச்சியில் அவை தளரும். தளர்ந்தால் தகடு விலகும்; தோட்டா கோணலாக வரும். சரியான அளவுத் திருப்புளியால் ஒரு சுற்று இறுக்கினால் பெரிய நோய்போல் தெரிந்தது பறந்துவிடும்.

கைக் கோளாறு

சிக்கிய துப்பாக்கிகளில் பலவற்றில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. பழுது சுடுகிறவர் கையில்!

கிணற்றில் இறைக்கும்போது வாளியைப் பாதி வரை இழுத்துவிட்டுக் கயிற்றை விட்டால் தண்ணீர் கைக்கு வருமா? லீவரும் அப்படித்தான். கடைசிக் கோடி வரை கீழே தள்ள வேண்டும். தூக்கி முழுவதும் மேலே எழுவது அந்தக் கடைசி அங்குலத்தில்தான். அதற்குள் அவசரப்பட்டு லீவரைத் திருப்பினால், தூக்கி பாதியில் நிற்கும். இரும்புத் தண்டு முன்னால் வந்து தோட்டாவின் நடுவயிற்றில் முட்டும். அல்லது வெற்றுக் கூடு வெளியே போகாமல் உள்ளேயே கிடக்கும். புதுத் தோட்டா அதன்மேல் மோதும்.

துப்பாக்கி நொந்துபோகுமோ என்று பயந்து மெல்ல ஆட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். லீவர் மரியாதையை எதிர்பார்ப்பதில்லை. கீழே ஒரே தள்ளு, மேலே ஒரே இழுப்பு. அதுதான் அதற்குப் பிடிக்கும்.

ஸ்பிரிங் தளர்ந்தால்

முன்னால் உள்ள தோட்டாக்கள் ஒழுங்காக வந்து, கடைசி ஒன்றிரண்டு மட்டும் வர மறுத்தால், தோட்டாக் குழாயைப் பார்க்க வேண்டும். குழாய் நிறைய இருக்கும்போது ஸ்பிரிங் நன்றாக அழுந்தி வேகமாகத் தள்ளும். காலியாகக் காலியாக அது நீண்டு வலு குறையும். பழைய ஸ்பிரிங் என்றால் கடைசித் தோட்டாவைத் தள்ளச் சக்தி இருக்காது.

அழுக்கும் துருவும் இதே வேலையைச் செய்யும். எண்ணெயும் செய்யும்! துப்பாக்கிக்கு நல்லது என்று நினைத்துக் குழாய்க்குள் தாராளமாக எண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது நாளாவட்டத்தில் பிசின் மாதிரி ஆகிவிடும். அலாஸ்காக் குளிரிலோ இறுகியே போய்விடும். துடைத்துக் காயவைத்து, ஒரு சொட்டோடு நிறுத்துவது உத்தமம்.

குழாயின் முன்மூடியைக் கழற்றும்போது முகத்தை நேரே வைக்கக் கூடாது. அடைபட்டுக் கிடந்த ஸ்பிரிங் பாம்பு மாதிரி சீறி வெளியே வரும்.

மார்லின் பள்ளம்

வின்செஸ்டருக்குப் போட்டியாக அதே நியூஹேவனில் 1870-ல் கடை திறந்தவர் ஜான் மார்லின். அவர் பெயர் கொண்ட துப்பாக்கிகளும் கரடி நாட்டில் பிரசித்தம். இவற்றுக்கென்றே ஒரு தனி நோய் உண்டு. அமெரிக்காவில் அதை "மார்லின் ஜாம்" என்றே அழைக்கிறார்கள்.

துப்பாக்கி பல வருஷம் ஒழுங்காக ஓடும். பிறகு ஒரு நாள் லீவர் பாதியில் நின்றுவிடும். மேலேயும் வராது, கீழேயும் போகாது. பூட்டுப் போட்டதுபோல் இருக்கும்.

காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. லீவரின் உள்முனை தூக்கியின் அடியில் உரசி, அதை உயர்த்துகிறது. அந்த முனை கூராக இருந்தால், ஆயிரக்கணக்கான முறை உரசி உரசித் தூக்கியில் ஒரு சிறு பள்ளம் தோண்டிவிடும். நகத்தால் தடவினால்தான் தெரியும், அவ்வளவு சிறியது. ஆனால் அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்குத் தூக்கி தாழ்ந்துபோகிறது. உரிய நேரத்தில் உயர்ந்து வரிசையை மறிக்க வேண்டியது, ஒரு கணம் தாமதிக்கிறது. அந்த ஒரு கணத்தில் இரண்டாவது தோட்டா நழுவி வந்து தூக்கியின் அடியில் புகுந்துகொள்கிறது. டிக்கெட் சந்தில் இரண்டு பேர்!

மிஸ்திரிகள் இதைச் சரி செய்ய இரண்டு வேலை செய்வார்கள். லீவர் முனையின் கூரை நுண்ணிய சாணைக்கல்லால் தேய்த்து மழுக்குவார்கள். தூக்கியில் விழுந்த பள்ளத்தைப் பற்றவைத்து நிரப்புவார்கள். அல்லது புதுத் தூக்கி போட்டுவிடுவார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பலன் இல்லை. முனையை மழுக்காமல் பள்ளத்தை மட்டும் நிரப்பினால், அது மறுபடியும் தோண்டும்.

மார்லின் கம்பெனி பின்னாளில் ரெமிங்டன் கைக்குப் போனது. ரெமிங்டன் திவாலானபோது, 2020-ல் ரூகர் கம்பெனி அதை வாங்கியது. இப்போது ரூகர்தான் மார்லின் துப்பாக்கிகளைச் செய்கிறது.

கூர்மூக்கு ஆகாது

லீவர் துப்பாக்கியின் தோட்டாவைப் பார்த்தால் அதன் மூக்கு தட்டையாகவோ மழுங்கியோ இருக்கும். கூரான குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போகுமே, அதை ஏன் போடுவதில்லை?

குழாய்க்குள் ஒரு தோட்டாவின் மூக்கு, முன்னால் உள்ள தோட்டாவின் அடியில் முட்டிக்கொண்டு இருக்கிறது. அந்த அடியின் நடுவில்தான் தீப்பொட்டு இருக்கிறது. துப்பாக்கி உதைக்கும்போது கூர்மூக்கு அதில் குத்தினால், குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தாங்கிப் பிடித்திருக்கும் கை போய்விடும்! தோட்டா நன்றாக ஏறவேண்டும் என்று கூர்மூக்குக் குண்டைத் தேடிப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

பிரவுனிங்கின் 1895 மாடலில் குழாயே கிடையாது. தோட்டாக்கள் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கூர்மூக்கு அதற்கு ஆகும். முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது இந்த மாடலை எடுத்துப் போனார்.

மற்றத் துப்பாக்கிகளில் மூக்கு மிகவும் அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் வேறு தொல்லை. அதன் ஓரம் குழல் வாயின் விளிம்பில் இடித்து நிற்கும். விளிம்பு மழுங்கிய குண்டுக்கு மாறினால் சரியாகிவிடும்.

சிக்கிவிட்டால்...

சிக்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், லீவரைப் பலம் கொண்ட மட்டும் இழுப்பது. செய்யவே கூடாத காரியம் அதுதான்! உள்ளே இருப்பது உயிருள்ள தோட்டா. இரும்பு முனை அதன் தீப்பொட்டில் அழுந்தினால் துப்பாக்கி வெடிக்கும்.

முதலில் துப்பாக்கியின் வாய், ஆள் இல்லாத பக்கம் நோக்க வேண்டும். விரல் விசையை விட்டு வெளியே வரவேண்டும். விசையை அழுத்தியும் வெடிக்காமல் போயிருந்தால், உடனே திறக்கக் கூடாது. சில சமயம் மருந்து மெதுவாகப் பற்றித் தாமதமாக வெடிக்கும். அரை நிமிஷமாவது அப்படியே பிடித்திருக்க வேண்டும்.

"டப்" என்று சத்தம் ஈனமாகக் கேட்டிருந்தால், இன்னும் ஆபத்து. குண்டு வெளியே போகாமல் குழல் நடுவிலேயே நின்றிருக்கலாம். அடுத்த குண்டைச் சுட்டால் குழல் பிளக்கும். அந்தத் துப்பாக்கியை அன்று மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

மற்றபடி, தூக்கியின் அடியில் இரண்டாவது தோட்டா புகுந்திருந்தால் ஒரு மரக்குச்சி போதும். தோட்டாவை மெல்லக் குழாய்க்குள் திருப்பித் தள்ளினால், தூக்கி விடுபடும்; லீவர் நகரும். இரும்புத் திருப்புளியைவிட மரக்குச்சிதான் பத்திரம். மார்லின் துப்பாக்கியில் இன்னொரு வசதி உண்டு. லீவரைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் லீவரும் தண்டும் கையோடு வந்துவிடும். வேட்டைக்காரர்கள் சிலர் பையில் ஒரு சின்னத் திருப்புளி வைத்திருப்பது இதற்காகத்தான்.

1873 மாடலில் தோட்டாவின் நீளத்தால் சிக்கியது என்றால், குச்சியால் எளிதில் தீராது. பாகங்களைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

பழுது பார்த்த பிறகு மிஸ்திரி நிஜத் தோட்டாவைத் தொடமாட்டார். மருந்தும் தீப்பொட்டும் இல்லாத பொய்த் தோட்டாக்களைக் குழாய் நிறையப் போடுவார். நிஜத் தோட்டா எதுவும் மேஜைமேலேயே இருக்கக் கூடாது. முதலில் லீவரை மெதுவாக ஆட்டி ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவார். பிறகு மறுபடியும் நிரப்பி, வேகமாக ஆட்டுவார். துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தும் ஆட்டிப் பார்ப்பார்.

10 தோட்டா போட்டால், 10 தோட்டாவும் எகிறி வந்து மேஜையில் விழ வேண்டும். 9 விழுந்தால், திருப்புளியை மறுபடி கையில் எடுப்பார்.